ரொட்டி வெந்த கூடமும் குடியிருக்கும் வீடும்

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து, எல்லோரும் எழுந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், ஓர் அன்பர் ஒரு செய்தி சொன்னார். காரோட்டுக்கு அருகே, சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய ஓரிடத்தில், சில ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் ரொட்டிச்சாலையை அதன் உடையவர் பன்னிரண்டு பகுதிகளாகத் தடுத்து வாடகைக்கு விடப் போகிறாராம். நமது குடும்பங்களுக்கே முதலில் தருவதற்கு இசைந்திருக்கிறாராம். முன்பணம் முந்திக் கொடுப்பவர்க்கு விரும்பிய பகுதி கிடைக்குமாம். இதைக் கேட்டவுடன் தேடிய செருப்பை மறந்து பலரும் அவரைச் சூழ்ந்துகொண்டனர். முன்பணத்துக்காக அன்றிரவே நகையை எடுத்து வைத்த குடும்பங்களும் உண்டென்று பின்னர் அறிந்தோம். "நீங்கள் ரயில்வேயில் காகிதங்களோடு பழகுகிறவர். அந்த இடத்தைப் போய்ப் பார்த்து, உங்கள் பத்தியில் நாலு வார்த்தை எழுதுங்கள்" என்று செயலாளர் நம்மிடம் கூறினார்.

நாம் கட்டடக் கலை கற்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, பயணச்சீட்டோடும் பேரேட்டோடும் காலங்கழிக்கும் ஓர் எழுத்தர். ஆயினும் வாடகை வீட்டில் வாழ்ந்த அனுபவம் நமக்கு நிரம்ப உண்டு. அதனினும் மேலாக, இத்தகைய தடுப்பு வீடொன்றில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்த அனுபவமும் உண்டு. ஊரின் பெயரும் உடையவர் பெயரும் இங்கே வேண்டா. அது ஒரு பழைய கிடங்கு. பலகை வைத்துத் தடுத்து எட்டு அறைகளாக்கியிருந்தனர். நமது அறைக்குக் கதவு ஒன்று இருந்தது, சன்னல் இல்லை. பக்கத்து அறையில் மிளகாய் வறுத்தால் நம் வீட்டில் தும்முவார்கள். நமது மூத்த மகளுக்கு அங்கேதான் இளைப்பு நோய் கண்டது. மருத்துவரிடம் மூன்று முறை அலைந்த பின்னர் அவர், "மருந்து நான் தருகிறேன், காற்றை நீங்கள்தாம் தேடிக்கொள்ள வேண்டும்" என்றார். அந்தச் சொல் இன்னும் நமது காதில் இருக்கிறது. ஆதலால் இந்த விஷயத்தை நாம் வெறும் செய்தியாக எழுத இயலவில்லை.

நம்மவர்கள் ஏன் இவ்வளவு விரைகின்றனர் என்பதும் நமக்குத் தெரியாததன்று. 1956 நவம்பர் 1 ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று வரைந்த கோடு நமது வாசலுக்கருகே ஓடுகிறது. களியக்காவிளைக்கு அப்பால் பிறந்து, இப்பால் பிழைக்க வந்தவர்கள் நம்மில் பலர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோரும் உளர். கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலை காரோட்டில் வந்து முடிகிறது. அந்தச் சாலை வந்த பிறகு நமது தெருவில் வாடகை ஏறியதேயன்றி இறங்கியதில்லை. இரண்டு பிள்ளைகளும் ஒரு வயதான தாயும் உள்ள குடும்பத்துக்கு, "தமிழ்க் குடும்பமா? பார்க்கலாம்" என்று சொல்லி நாளை கடத்தும் வீட்டுக்காரர்களும் இருக்கின்றனர். இந்நிலையில் பன்னிரண்டு வீடுகள் ஒருங்கே கிடைக்கும் என்றால் யார்தான் விரையமாட்டார்?

ஆலை வீடாவது உலகத்துக்குப் புதுமையன்று. நம் வீட்டுத் தேநீரோடு உறவுள்ள ஒரு கதையை மட்டும் இங்கே சொல்லுவோம். நம் பிள்ளைகள் தேநீரில் நனைத்துத் தின்னும் மேரி பிஸ்கோத்தும், நடுவே இனிப்புக் குழம்பு வைத்த போர்பன் பிஸ்கோத்தும் எங்கே பிறந்தன? இலண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையில், பெர்மண்ட்சே என்னும் தொழிலாளர் பேட்டையில் பிறந்தன. தேயிலை வணிகரான ஜேம்ஸ் பீக் என்பவர், தம் உடன்பிறந்தார் மகளை மணந்த ஜார்ஜ் ஹெண்டர் பிரீன் என்பவரைத் துணை சேர்த்துக்கொண்டு 1857 இல் அங்கே பிஸ்கோத்துத் தொழிலைத் தொடங்கினார். இடம் போதாமல் போகவே, சில ஆண்டுகளில் டிரம்மண்டு தெருவில் பெரிய ஆலையொன்றை எழுப்பினர். பழைய ஆலை 1873 இல் தீக்கிரையாயிற்று. உருசிய இளவரசி மரியா, பிரிட்டிஷ் இளவரசரை மணந்த 1874 இல் அவர் பெயரால் வந்ததே மேரி பிஸ்கோத்து. போர்பன் வந்தது 1910 இல்.

இரயிலோடு பழகிய நமக்கு இந்த இடத்தில் ஒரு தனி மகிழ்ச்சி. இலண்டனின் முதல் இருப்புப் பாதையாகிய கிரீனிச்சுப் பாதை 1836 இல் இந்தப் பேட்டையின் வழியாகவே திறக்கப்பட்டது. 850-க்கும் மேற்பட்ட செங்கல் வளைவுகளின் மேல் அது செல்கிறது. ஆலை அந்தப் பாதையின் அருகிலேயே இருந்தது. ஊர் முழுவதும் வேகும் மாவின் மணம் வீசியதால், பெர்மண்ட்சேக்குப் 'பிஸ்கோத்து நகரம்' என்றே பெயர் வந்தது. ஆலைக்குள்ளேயே வங்கியும் தபால் நிலையமும் தீயணைப்பு நிலையமும் இருந்தன. தொழிலாளர்க்கு மருத்துவரும் பல் மருத்துவரும் இருந்தனர். தாய் வேலை செய்த இடத்தில் மகளும், மகள் வேலை செய்த இடத்தில் பேத்தியும் வேலை செய்த குடும்பங்கள் அங்கே இருந்தன.

இந்த ஆலைக்கும் நமது நாட்டுக்கும் உறவு உண்டு. 1892 இல் கொல்கத்தாவில் ஒரு சிறு வீட்டில் 295 ரூபாய் முதலில் தொடங்கிய பிஸ்கோத்துத் தொழில் 1918 இல் பிரிட்டானியா கம்பெனியாயிற்று. 1924 இல் அது பீக் பிரீனின் துணைக் கம்பெனியாயிற்று. கேரளத்தின் கதையோ அதற்கும் மூத்தது. பர்மாவிலிருந்து திரும்பிய மம்பள்ளி பாபு என்பவர் 1880 இல் தலச்சேரியில் ராயல் பிஸ்கோத்து ஆலையைத் தொடங்கினார். 1883 இல் அவர் செய்த கிறிஸ்துமஸ் கேக்கையே இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்லுவர். நமது தெருமுனைப் பேக்கரிகள் எல்லாம் அந்த வழி வந்தவை.

பெர்மண்ட்சே ஆலை 1989 இல் மூடப்பட்டது. மணம் நின்றது, சுவர்கள் நின்றன. முதலில் அந்தக் கூடங்களைச் சிறு அலுவலகங்களாகவும் ஓவியர் கூடங்களாகவும் வாடகைக்கு விட்டனர். 1999 இல் அருகே சுரங்க ரயில் நிலையம் திறந்ததும் அந்த மண்ணின் மதிப்பு உயர்ந்தது. பின்னர் அவ்விடத்தில் வாடகைக் குடியிருப்புகள் அமைக்கும் பெருந்திட்டமொன்று வந்தது. ஆனால் சதக் நகர மன்றம் அதனை 2019 இல் மறுத்துவிட்டது. எளியோர்க்குக் கட்டுபடியாகும் வாடகையில் ஒதுக்கிய பங்கு போதாது என்பதே அம்மறுப்பின் முதற்காரணம். இலண்டன் மேயர் அந்த வழக்கைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். 2020 இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தில் 1,500-க்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன. எளியோர்க்குரிய பங்கும் முன்னையினும் உயர்ந்து ஏறத்தாழ மூன்றில் ஒன்றாயிற்று. நகர மன்றத்தார் ஒரு முறை 'மாட்டோம்' என்று சொல்லியிராவிடில், அந்தப் பங்கு உயர்ந்திருக்குமா என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ரெடிங் என்னும் ஊரின் கதை வேறு. 1822 இல் ஜோசப் ஹண்ட்லி என்பவர் அங்கே ஒரு சிறு கடை வைத்து, கோச்சு வண்டிப் பயணிகளுக்குப் பிஸ்கோத்து விற்றார். 1841 இல் ஜார்ஜ் பாமர் வந்து சேர, ஹண்ட்லி அண்டு பாமர்ஸ் என்ற பெரும்பெயர் பிறந்தது. 1900 அளவில் 5,000-க்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தனர். அவ்வூர்க் கால்பந்துக் குழுவையே 'பிஸ்கோத்துக்காரர்கள்' என்றுதான் அழைத்தனர். 1976 இல் அங்கே உற்பத்தி நின்றது, பெரும்பகுதியை இடித்துவிட்டனர். ஆற்றங்கரையில் எஞ்சி நின்ற ஒரு கட்டடம் இன்று குடியிருப்பாக இருக்கிறது. அது மாவு பிசைந்த கூடமன்று. தொழிலாளர்கள் மாலையில் கூடி விளையாடிய மன்றக் கட்டடம். உழைத்த கூடங்கள் போய், சிரித்த கூடம் மட்டும் நிற்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னை பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996 இல் மூடப்பட்டது. 1918 இல் நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் எழுந்தது அந்த ஆலைத் தொழிலாளர் நடுவேதான். இன்று அந்நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்திருக்கின்றன. மும்பையில் 1991 இல் ஒரு விதி வந்தது. ஆலை நிலத்தைப் புதுப் பயனுக்குக் கொடுத்தால், மூன்றில் ஒரு பங்கு ஊருக்குத் திறந்த வெளியாகவும், ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கும், ஒரு பங்கு உடையவர்க்கும் ஆகுக என்றது அவ்விதி. 2001 இல் அதனைத் திருத்தி, கட்டடமில்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே அப்பங்கு பொருந்தும் என்று ஆக்கினர். 2006 இல் உச்சநீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. பங்கு சுருங்கிற்று. ஆயினும் அவ்வாறு வந்த நிலத்தில் எழுந்த வீடுகளில் சில, 2012 இல் குலுக்கல் முறையில் முன்னாள் ஆலைத் தொழிலாளர்க்குக் கிடைத்தன. 'மூன்றில் ஒன்று' என்று ஒரு காலத்தில் ஏட்டில் எழுதி வைத்ததனால் அந்த அளவேனும் கிடைத்தது.

இனி நமது காரோட்டு ரொட்டிச்சாலைக்கு வருவோம். சென்ற ஞாயிறன்று ஓய்வு பெற்ற கொத்தனார் ஒருவரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். நாற்பதடி நீளக் கூடம் ஒன்று. அதன் கோடியில் மலையாளத்தார் போர்மா என்று வழங்கும் அடுப்பறை. செங்கல் வளைவு அடுப்பு இன்னும் கெடாமல் இருக்கிறது. கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சுவருக்குக் குற்றமில்லை" என்றார். மேலே நிமிர்ந்து பார்த்ததும் அவர் முகம் மாறிற்று. கூரை முழுவதும் ஆஸ்பெஸ்டாஸ் தகடு. பல இடங்களில் வெடிப்பு. இந்தப் பொருளின் தூசு நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்று கண்டு, இங்கிலாந்து இதனை 1999 இல் தடை செய்தது. முழுத் தகடு சும்மா கிடக்கும்போது தீங்கு குறைவு. அறுத்தாலும் உடைத்தாலும் துளைத்தாலும் தூசு பறக்கும். பன்னிரண்டு அறைக்குத் தடுப்பு எழுப்பும்போது அதை அறுக்காமல் எப்படி வேலை நடக்கும்?

கூடத்தின் மேற்குச் சுவரை ஒட்டிப் பக்கத்து நிலத்துக்காரரின் மதில் இருக்கிறது. ஆகவே அப்பக்கத்து ஆறு அறைகளுக்குச் சன்னல் வைக்க வழியில்லை. ஆலைக்குரிய கட்டடம் அகலமானது. மேசையும் அடுப்பும் தட்டு அடுக்குகளும் வைப்பதற்காகக் கட்டியது. அதனை நடுவே தடுத்தால் வெளிச்சம் பாதிப் பேர்க்குத்தான் வரும். பெர்மண்ட்சே போன்ற பேராலைகளைப் பெரிய சன்னல்களோடு மாடி மாடியாகக் கட்டினர். அதனால் அவை வீடாவதற்கு ஒருவாறு இசைந்தன. நம்மூர் ரொட்டிச்சாலையோ சூடு வெளியே போகாதிருக்கக் கட்டியது. சூட்டைக் காப்பதற்குக் கட்டிய கூடத்தில் சித்திரை மாதத்தில் கைக்குழந்தையைத் தூங்க வைப்பது எப்படி?

பின்புறம் ஒரு கிணறும் ஒரே ஒரு கழிப்பறையும் இருக்கின்றன. கழிவுக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே காலடியால் அளந்தோம். ஐந்து மீட்டர்கூடத் தேறவில்லை. குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குள் கழிவுக் குழி அமைத்தலாகாது என்பது இம்மாநிலத்துக் கட்டட விதி. பன்னிரண்டு குடும்பம் என்றால் ஐம்பது பேராவது இருப்பர். ஐம்பது பேர்க்கு அந்தக் குழியும் அந்தக் கிணறும் என்றால், நோய் வருமா என்று கேட்பதற்கு இடமில்லை. என்று வரும் என்பதே கேள்வி.

நாங்கள் திரும்பும்போது வாசல் மாமரத்தடியில் ஒருவர் லாட்டரிச் சீட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். நம் பக்கத்து மனிதர். இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த அடுப்பின் முன் நின்று ரொட்டி இழுத்தவர். அவரது முன்கை இரண்டிலும் பழைய சூட்டுத் தழும்புகள் இருக்கின்றன. "அண்ணாச்சி, இங்கே எப்படி?" என்று கேட்டோம்.

"வியாபாரத்துக்கு எந்த மரத்தடியா இருந்தா என்ன, தம்பி? கால் இங்கேதான் வந்து நிக்குது" என்றார். சற்று நேரம் கழித்து, "அறை பிரிக்கிறாங்களாமே. வாடகை எவ்வளவு சொல்றாங்க?" என்று கேட்டார்.

தொகையைச் சொன்னோம். அவர் தட்டிலிருந்த சீட்டுகளை ஒழுங்காக அடுக்கினார். "இந்த உள்ளே இருபத்தெட்டு வருஷம் நின்னேன். உட்கார்ந்தது இல்ல. வாடகை கொடுத்து உட்காரலாம்னா அதுக்கும் முடியாது போலிருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்பர்களே, பெர்மண்ட்சேயில் நகர மன்றம் கேட்ட கேள்வியும், மும்பையில் அந்த விதி கேட்ட கேள்வியும், இந்த அண்ணாச்சி கேட்ட கேள்வியும் ஒன்றே. சுவர் நிற்கிறது, அந்தச் சுவருக்குள் உழைத்தவர்க்கும், அதன் நிழலில் வாழும் எளியவர்க்கும் அதில் இடமுண்டா? பழைய கட்டடத்தை இடிக்காமல் வீடாக்குவது நல்ல செயல்தான். செங்கல் மிஞ்சும், மரம் மிஞ்சும், ஊரின் நினைவும் மிஞ்சும். ஆயினும் கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டு மனிதரைக் கைவிட்டால், காப்பாற்றியது என்ன?

ஆதலால் நமது கருத்தைத் தெளிவாகச் சொல்லுகிறோம். அந்த இடம் வேண்டவே வேண்டா என்று நாம் சொல்லவில்லை. கொத்தனார் கணக்கின்படி, பன்னிரண்டுக்குப் பதிலாக ஏழு வீடுகள் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிழக்கிலோ தெற்கிலோ ஒரு சன்னல் கிடைக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை அறுக்காமல், நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி இறக்கி, ஓடு போடவேண்டும். அதற்குப் பழகிய ஆட்கள் வேண்டும். நம் பிள்ளைகளைக் கொண்டு கூலி மிச்சம் பிடிக்கும் வேலை இதுவன்று. கழிவுக் குழியைக் கிணற்றுக்கு எட்ட மாற்றவேண்டும். கழிப்பறை நான்காவது வேண்டும். அடுப்பின் செங்கல் வளைவை இடிக்காமல், புகை வழியை அடைத்துவிட்டுப் பொதுவான சாமான் அறையாக வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முதலாவது, தொழிற்கூடமாக எழுதப்பட்ட கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்றுவதற்குரிய அனுமதியை உடையவர் பஞ்சாயத்தில் பெறவேண்டும். இது வெறும் காகிதம் என்று எண்ணாதீர்கள். எல்லை தாண்டி வந்த நமக்கு, பஞ்சாயத்து தரும் வீட்டு எண்ணே வேர். ரேஷன் அட்டைக்கும், பிள்ளையின் பள்ளிச் சான்றுக்கும், வீட்டுக் கட்டணத்தில் மின்சாரம் பெறுவதற்கும் அதுவே ஆதாரம். எண்ணில்லாத அறையில் பத்தாண்டு வாழ்ந்தாலும், கேட்பவரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இராது. அந்த அனுமதி கைக்கு வரும்வரை ஒருவரும் ஒரு காசும் முன்பணம் கொடுத்தலாகாது. கொடுக்கும்போதும் எழுத்து வேண்டும். தொகை, நாள், திருப்பித் தரும் நிபந்தனை மூன்றும் அதில் இருத்தல் வேண்டும்.

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் கேரள அரசு 2019 இல் 'அப்னா கர்' என்னும் தொழிலாளர் விடுதியைத் திறந்தது. வெளி மாநிலத்துத் தொழிலாளர் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர்க்கு அங்கே இடமுண்டு. வெளியிலிருந்து உழைக்க வந்தவனுக்குத் தூய்மையான கூரை தருவது ஊரின் கடமை என்று ஓர் அரசே ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று. ஆயினும் விடுதி வேறு, வீடு வேறு. அடுப்பும் பிள்ளையும் கிழவியும் இருக்கும் இடமே வீடு. அதனை நாம்தாம் கேட்டுப் பெறவேண்டும்.

நமது கடைசி வேண்டுகோள் ஒன்று. ஏழு வீடுகள் ஆகுமானால், அவற்றுள் ஒன்று அடுப்பின் முன் நின்ற அந்த அண்ணாச்சிக்கு, அவரால் கொடுக்க முடிந்த வாடகையில் ஆகவேண்டும். குறையும் தொகையை மற்ற ஆறு குடும்பமும் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவர்க்கும் மாதம் ஒரு நாள் கூலிக்கும் குறைவாகவே வரும். கணக்குப் போட்டே சொல்லுகிறோம். அந்த ஆறு குடும்பத்தில் ஒன்றாக இருப்பதற்கு நமது வீட்டிலும் சம்மதம் பெற்றுவிட்டோம். நமது மகள், சன்னல் உண்டா என்று மட்டும் கேட்டாள். உண்டு என்றோம்.

அடுத்த ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்தில் கூடுவோம். உடையவரையும் அழைத்திருக்கிறோம். அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எடுத்து வைத்த நகையை அன்பர்கள் அதுவரை மீண்டும் பெட்டியில் வைத்துப் பூட்டி வைப்பார்களாக.